செஞ்சிக் கோட்டை: மலை ஏற முடியாத அப்பாவைக் கூட்டிட்டுப் போகலாமா?

ஞாயிற்றுப்பயணி

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போறவன், முதல் தடவையா இழை ஆரம்பிக்கிறேன். தப்பான பகுதியில போட்டிருந்தா மட்டுறுத்துநர் மாத்திவிடுங்க.

அப்பாவுக்கு 71 வயசு. காஞ்சிபுரம் பக்கத்துல ஒரு கிராமம் அவருக்கு. சின்ன வயசுல தெருக்கூத்துன்னா விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பாராம். செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் கதையை நடுராத்திரியில எழுப்பிக் கேட்டாலும் ஆரம்பத்துலேருந்து சொல்லுவார். ஆனா செஞ்சியை ஒரு தடவை கூட உள்ள போய்ப் பார்த்ததில்ல. திருவண்ணாமலை போறப்ப பஸ் மதிலுக்கு ஊடாலயே போகும்ல, அதுக்காக ஜன்னல் சீட்டு கேட்டு வாங்குவார். அந்த ரெண்டு நிமிஷம்தான் அவர் பார்த்த செஞ்சி.

இப்ப போகணும்னு அவரே வாய் திறந்து கேட்டுட்டார். எங்கிட்ட எதையும் கேட்கிற ஆள் இல்ல. சிக்கல் என்னன்னா, ரெண்டு முழங்காலும் தேய்மானம். வீட்டு மாடிப்படிக்கே கைப்பிடி வேணும். "மலைக்கோட்டைக்குப் போய் மலை ஏறாம என்ன பண்ணப் போறீங்க, கீழ நின்னு அண்ணாந்து பார்த்துட்டு வரவா?"ன்னு வீட்டுல கேட்கிறாங்க. கூட 9 வயசுப் பையனும் வருவான்.

சென்னையிலேருந்து ஒரே நாள். போறது பிரயோஜனமா, இல்ல அப்பா மனசு வருத்தப்பட்டுத் திரும்புவாரா? போனவங்க சொல்லுங்க.

பைக்_பாண்டி

ப்ரோ, மனசுல பட்டதைச் சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. நான் நாலு தடவை போயிருக்கேன். ராஜகிரி உச்சிதான் செஞ்சி. கிட்டத்தட்ட 800 அடி, ஆயிரம் படிக்கு மேல. மேல போனா ஒரு பிளவு வரும். பாறை ரெண்டா பிரிஞ்சு நிக்கும், அதைப் பாலம் போட்டுத் தாண்டணும். அந்தக் காலத்துல இழுவைப் பாலமாம், எதிரி வந்தா தூக்கிருவாங்க. அதைத் தாண்டி உள்ள காலடி வெச்சா ஒரு காத்து அடிக்கும் பாருங்க! அதுக்காகவே போகலாம்.

கீழ நாலு மண்டபம், ரெண்டு குளம், அவ்ளோதான். அப்பாவை வேற எங்கயாவது கூட்டிட்டுப் போங்க. பாண்டிச்சேரி பீச் பக்கம் சமதளம்தானே.

செஞ்சிக்காரன்

பாண்டி தம்பி, நாலு தடவை வந்து நாலு மண்டபம்தான் பார்த்தியா? நல்லா பார்த்த போ.

ஞாயிற்றுப்பயணி சார், நான் இந்த ஊரு. பொறந்ததுலேருந்து அந்த மலையைப் பார்த்துத்தான் பல்லு வெளக்குறேன். தாராளமா கூட்டிட்டு வாங்க. மூணு மலை, மூணையும் சேர்த்து மதிலு. மதிலு மட்டும் சுமார் 13 கிலோமீட்டர் ஓடுது. அதுக்குள்ள இருக்கிறது ஒரு ஊரு சார். ராஜா, படை, வியாபாரி, கோயிலு, மசூதி, களஞ்சியம், குளம் எல்லாம் அடிவாரத்துல இருந்தது. உச்சி எதுக்குன்னா, எல்லாம் போச்சுன்னா கடைசியா ஓடி ஒளியறதுக்கு. ஓடி ஒளியற இடத்தை மட்டும் பார்த்துட்டு ஊரைப் பார்க்காம போறவங்கதான் நிறைய.

வர்ற நாளைப் பத்திச் சொல்லிடறேன். அமாவாசை அன்னிக்கு வராதீங்க, மேல்மலையனூர் அங்காளம்மனுக்குக் கூட்டம் எங்க ஊரு வழியாத்தான் போவும். பௌர்ணமியும் வேணாம், திருவண்ணாமலை கிரிவலம், பஸ்ஸுல கால் வெக்க முடியாது. வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை. காத்தாலயே வண்டியும் ஆடும் ரோட்டை அடைச்சுக்கும். சித்திரை வைகாசி பக்கம் நெனைச்சுக்கூடப் பார்க்காதீங்க, பாறை தோசைக்கல்லு மாதிரி காயும். கார்த்திகையிலேருந்து மாசி வரைக்கும் நல்லாருக்கும்.

இட்லிப்பொடி

நாங்க ரெண்டு பிள்ளைங்களோட போனோம். ஒரு அம்மாவா சில விஷயம் சொல்றேன்.

குரங்கு. கோட்டை யாரோடதுன்னு சண்டை போடுறவங்க நேர்ல போய்ப் பார்த்தா வாயை மூடிக்குவாங்க, இப்ப அது குரங்கோடது. கையில பிளாஸ்டிக் கவர் இருந்தா உள்ள என்ன இருக்குன்னு கூடப் பார்க்காது, பிடுங்கிரும். எல்லாத்தையும் ஜிப் வெச்ச தோள்பையில போட்டுருங்க. தண்ணி ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது எடுத்துட்டுப் போங்க, மேல ஒண்ணும் கிடைக்காது. டாய்லெட் வேலையைக் கீழயே முடிச்சிருங்க.

சீட்டு வாங்கினா கிழிச்சுப் போட்டுராதீங்க. ராஜகிரிக்கு வாங்கின அதே சீட்டுல கோட்டையோட இன்னொரு மலையான கிருஷ்ணகிரியும் பார்க்கலாம், எங்களை அப்படித்தான் விட்டாங்க. மத்தியானம் 3 மணிக்கு மேல ராஜகிரி ஏற விடல. நாங்க சாப்பிட்டுட்டு நிதானமா 3.10க்குப் போய் நின்னோம். என் பெரியவன் முகத்தை இப்ப நினைச்சாலும் பாவமா இருக்கு.

கல்லெழுத்து

நண்பர் செஞ்சிக்காரன் சுருக்கமாகச் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன், நீட்டி முழக்கும் பழக்கம் உண்டு, பொறுத்தருள்க.

செஞ்சியை மலையாகப் பார்ப்பது ஒரு பார்வை. ஆனால் அதைக் கண்ணால் கண்டு எழுதி வைத்தவர்கள் அப்படிப் பார்க்கவில்லை. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், நாயக்கர் ஆட்சியின்போது வந்த பிமெண்டா என்ற யேசு சபைப் பாதிரியார், தாம் இந்தியாவில் கண்ட நகரங்களிலேயே இதுதான் பெரியது, லிஸ்பனைத் தவிர்த்தால் போர்ச்சுகலில் உள்ள எந்த நகரையும் விடப் பெரியது என்று எழுதினார். அவர் வியந்தது மலையை அல்ல, நகரத்தை.

அந்த நகரம் எப்படிக் காக்கப்பட்டது என்பதைச் சமதளத்தில் நின்றால்தான் புரிந்துகொள்ள முடியும். வடக்கே கிருஷ்ணகிரி, மேற்கே ராஜகிரி, தென்கிழக்கே சந்திரகிரி. மூன்றும் முக்கோணத்தின் முனைகள். மூன்றையும் இணைக்கும் மதில் சில இடங்களில் 20 மீட்டர் தடிமன். ஒரு சிறிய வீட்டை அதன் தலைமேல் கட்டலாம். வெளியே 24 மீட்டர் அகலத்துக்கு அகழி. இவற்றையெல்லாம் உச்சியிலிருந்து பார்த்தால் கோடு கிழித்தது போலத்தான் தெரியும். கீழே மதிலோடு ஒட்டி நின்று, தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

வாசல்களையும் கவனியுங்கள். எதுவும் நேராக உள்ளே விடாது. நுழைந்ததும் ஒரு சுவர் மறிக்கும், திரும்பினால் இன்னொரு முற்றம், மறுபடி திருப்பம். யானை ஓடிவந்து கதவை முட்ட வேண்டுமென்றால் அதற்கு ஓட்டம் வேண்டும். அந்த ஓட்டத்துக்கு இடம் கொடுக்காமல் கட்டியிருக்கிறார்கள். முற்றத்தில் சிக்கியவன் மேல் நாலு பக்கமும் இருந்து அம்பும் குண்டும் விழும். உங்கள் மகனை அந்தத் திருப்பத்தில் நிறுத்தி, "நீ எதிரி என்றால் இப்போது எந்தப் பக்கம் ஓடுவாய்?" என்று கேளுங்கள். நான் மாணவர்களிடம் கேட்டதுண்டு. ஒருவனும் சரியான விடை சொன்னதில்லை, ஏனென்றால் சரியான விடையே கிடையாது.

உங்கள் தந்தையார் படியேறாமல் காணக்கூடியவை: கல்யாண மகால், களஞ்சியங்கள், உடற்பயிற்சிக் கூடம், யானைக்குளம், வேங்கடரமணர் கோயில், சாதத்துல்லா கான் பள்ளிவாசல், செட்டிகுளம், சக்கரகுளம். பொறுமையாகப் பார்த்தால் ஒரு நாளே போதாது.

தென்னாட்டான்

எல்லாம் சரி. 2025 ஜூலையில யுனெஸ்கோ பட்டியல்ல செஞ்சி வந்துச்சு, சந்தோஷம். ஆனா எந்தப் பேர்ல? "மராட்டியப் படைத்துறை நிலப்பரப்புகள்". மொத்தம் 12 கோட்டை, 11 மகாராஷ்டிரா, ஒண்ணு நம்ம செஞ்சி. ஆனந்தக் கோன் கட்ட ஆரம்பிச்சு, கிருஷ்ணக் கோன் விரிவாக்கி, விஜயநகர நாயக்கர்கள் பெருசாக்கினது. சிவாஜி வந்தது 1677ல. கடைசியில வந்தவன் பேரு பலகையில, கட்டினவன் பேரு காத்துல. இதை யாருமே கேட்க மாட்டீங்களா?

பழைய_தாள்

தென்னாட்டான், கோபம் நியாயம். ஆனா மராட்டியர் தொடர்பு ஒட்டுப் போட்டது மாதிரின்னு நினைச்சா அதுவும் தப்பு.

சிவாஜி பிஜப்பூர்காரங்க கையிலேருந்து 1677ல பிடிச்சார். பிடிச்சதோட விடாம மதிலைப் பலப்படுத்தினார். அவர் அதுக்குச் செலவு பண்ணதோட பலன் அவருக்குக் கிடைக்கல, அவர் மகனுக்குக் கிடைச்சது. 1689ல அண்ணன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்னதும், தம்பி ராஜாராம் வேஷம் மாத்திக்கிட்டு மகாராஷ்டிராவுலேருந்து தப்பி இவ்ளோ தூரம் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அடுத்த எட்டு வருஷம் மராட்டிய அரசோட தலைநகரமே செஞ்சிதான். மகாராஷ்டிராவுல ஒரு கோட்டையும் நிலையில்லாத நேரத்துல அந்த அரசு உயிரோட இருந்தது இந்தக் கல்லுக்குள்ளதான்.

முற்றுகை 1690ல ஆரம்பிச்சு 1698 வரை நீண்டது. முகலாயத் தளபதி சுல்பிகர் கான் தலைமை. மதில் இவ்ளோ நீளம்னா அதைச் சுத்தி வளைக்க எத்தனை ஆள் வேணும்னு யோசிங்க. முழுசா வளைக்கவே முடியல, ஏதோ ஒரு பக்கம் தானியம் உள்ள போயிக்கிட்டே இருந்தது. மராட்டியத் தளபதிங்க சாந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வெளியில சுத்திக்கிட்டு முகலாயருக்கு வர்ற சோத்தை வெட்டிட்டாங்க. முற்றுகை போட்டவன் பட்டினி கிடந்தான். நடுவுல ஔரங்கசீப் தன் மகன் காம் பக்ஷை அனுப்பி வெச்சார், அவர் எதிரியோட ரகசியமாப் பேசுறார்னு சொந்தத் தளபதிகளே இளவரசரைக் காவல்ல வெச்ச கூத்தும் நடந்தது. கடைசியில கோட்டை விழுந்தப்ப ராஜாராம் உள்ள இல்ல. தப்பிச்சு வேலூர் போய், அங்கேருந்து மகாராஷ்டிரா போயிட்டார்.

கல்லெழுத்து

இருவரும் சொல்வது சரிதான், இரண்டையும் பெயர்களே காட்டிக்கொடுக்கும். பிஜப்பூரார் இதைப் பாதுஷாபாத் என்றார்கள். சுல்பிகர் கான் பிடித்தபின் அவருடைய பட்டத்தை ஒட்டி நுஸ்ரத்கட் ஆயிற்று. ஆங்கிலேயர் வாயில் ஜிஞ்சி. ஆள் மாறும்போதெல்லாம் பெயர் எழுதினார்கள், ஆனால் நம் ஊர் மாட்டு வண்டிக்காரர் ஒருவரும் "நுஸ்ரத்கட் போகிறேன்" என்று சொல்லியிருக்க மாட்டார். பட்டியலின் பெயரும் அந்த வரிசையில் ஒன்று என்று விட்டுவிடலாம்.

மட்டுறுத்துநர்

யுனெஸ்கோ பெயர் விவாதத்துக்கு ஏற்கெனவே தனி இழை ஓடுகிறது. இங்கே கேட்டவர் அப்பாவின் முழங்காலைப் பற்றிக் கேட்டார். தயவுசெய்து திரும்பி வாருங்கள்.

ஆதாரம்_எங்கே

முழங்காலுக்குத் திரும்புமுன் ஒரே ஒரு சந்தேகம். தேசிங்கு புந்தேலா ராஜபுத்திரர். அப்பா சொரூப் சிங் முகலாயரோட கோட்டைத் தலைவர். 1714ல அப்பா இறந்ததும் மகன் பொறுப்பெடுத்தார், கப்பம் கட்டல, ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையோட வந்தார், 1714 அக்டோபர் 3ல போர், அன்னிக்கே தேசிங்கு இறந்தாச்சு. ஒரு வருஷம் கூட முழுசா ஆளல. இத்தனை பேர் ஆண்ட கோட்டையில இவர் பேரு மட்டும் எப்படி நின்னது? கொஞ்சம் ஓவராத் தெரியலையா?

ஞாயிற்றுப்பயணி

ஆதாரம்_எங்கே சார், இதை அப்பாகிட்ட அப்படியே படிச்சுக் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே போடுறேன்: "வரி கட்டின ராஜாவுக்கு எவண்டா பாட்டுக் கட்டுவான்?"

செஞ்சிக்காரன்

😂 அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க சார். நீங்க வர்றது வாங்க, நாள் மட்டும் முன்னாடியே எழுதுங்க.

பெரியவருக்காக இன்னொண்ணு. கோட்டையிலேருந்து கொஞ்ச தூரத்துல சிங்கவரம். பல்லவர் குடைவரை, ரங்கநாதர் பள்ளிகொண்டிருப்பார். தேசிங்கு குலசாமி. போருக்குப் போறப்ப உத்தரவு கேட்டானாம், போகாதேன்னு சொல்லிப் பார்த்தும் கேட்கலையாம், சாமி முகத்தைத் திருப்பிக்கிச்சாம். இப்பவும் முகம் ஒரு பக்கமாத் திரும்பித்தான் இருக்கும். அங்கயும் படி இருக்கு, மறைக்கல. ஆனா ராஜகிரி மாதிரி கிடையாது, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம். நடை சாத்துற நேரத்தை விசாரிச்சுட்டுப் போங்க.

கல்லெழுத்து

சிங்கவரம் போகும் வழியில் திருநாதர் குன்று இருக்கிறது, அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பெரிய பாறையில் சமணர்களின் 24 தீர்த்தங்கரரையும் இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அருகில் பழைய கல்வெட்டு ஒன்று. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்ததைச் சொல்வது. கோட்டை கட்ட ஆள் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இந்த மலைகளுக்கு ஆள் வந்திருக்கிறார்கள். அவர்கள் தேடி வந்தது வேறு.

விழுப்புரம் சாலையில் திரும்புவதானால் மண்டகப்பட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் கட்டியதாக மகேந்திரவர்மன் எழுதி வைத்த குடைவரை. ஒரே நாளில் எல்லாம் முடியாது, ஆசைக்குச் சொல்கிறேன்.

பைக்_பாண்டி

ப்ரோ ஒரு சின்னக் கேள்வி. கல்யாண மகால்ங்கிறது அந்தக் கூம்பு மாதிரி உசரமா இருக்கிற கட்டடம்தானே? அதை நான் தூரத்துலேருந்து போட்டோ எடுத்ததோட சரி. உள்ள என்ன இருக்கு?

பழைய_தாள்

எட்டு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும் ஒரே ஒரு சின்ன அறை, சுத்தி நடை. நாயக்கர் காலத்துக் கட்டடம், ஆனா வளைவெல்லாம் சுல்தான் பாணி. சுடுமண் குழாய் போட்டு வெளியில இருந்த நீர்த்தேக்கத்துலேருந்து தண்ணி கொண்டு வந்திருக்காங்க. சுத்தி முற்றம், அதைச் சுத்தி வளைவு வளைவா அறைகள்.

தண்ணியைப் பத்தி ஒண்ணு. பிற்காலத்துல முகலாயர் சார்பா இங்க இருந்த தாவூத் கானுக்கு இந்த ஊர்க் காத்தும் தண்ணியும் ஒத்துக்கலைன்னு தலைமையிடத்தையே ஆற்காட்டுக்கு மாத்திட்டார். ஆற்காட்டு நவாப் ஆற்காட்டு நவாப் ஆனதுக்குக் காரணம் அதுதான், இல்லன்னா செஞ்சி நவாப்னு படிச்சிருப்போம்.

ஞாயிற்றுப்பயணி

(மூணு வாரம் கழிச்சு)

போயிட்டு வந்துட்டோம். எல்லாருக்கும் நன்றி. கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

செவ்வாய்க்கிழமை போனோம். அமாவாசை, பௌர்ணமி, ஆடு மூணையும் பார்த்துட்டு மிச்சம் இருந்த நாள். கிளம்பினது 5 மணிக்கு. ஆனா வாடகை வண்டிக்காரர் டீ, டிபன், டயர்ல காத்துன்னு மூணு இடத்துல நிறுத்தி, கோட்டைக்குப் போய்ச் சேர்றப்ப பத்தரை. அதோட "இங்க ஒரு மணி நேரம் போதும் சார், திருவண்ணாமலையில நல்ல சாப்பாடு இருக்கு"ன்னு வேற ஆரம்பிச்சார். அப்பா வண்டியிலேருந்து இறங்கினவர் திரும்பிக்கூடப் பார்க்கல.

முதல் காரியமா கல்லெழுத்து ஐயா சொன்னபடி பையனை வாசல் திருப்பத்துல நிறுத்திக் கேட்டேன், எந்தப் பக்கம் ஓடுவேன்னு. ஒரு நிமிஷம் சுத்திச் சுத்திப் பார்த்தான். "நான் ஓட மாட்டேன், அவங்க ஆளுதான்னு பொய் சொல்லிருவேன்"னான். ஐயா, இதுக்கு எவ்வளவு மார்க்?

கல்யாண மகால் முற்றத்துல அப்பா ரெண்டு மணி நேரம் இருந்தார். நான் எதிர்பார்க்கவே இல்ல. சுத்தி இருக்கிற வளைவுகளைக் குதிரை லாயம்னு அங்க ஒருத்தர் சொன்னார். அவ்ளோதான், அப்பா தடியை ஊன்றிக்கிட்டு ஒவ்வொரு வளைவா எட்டிப் பார்க்க ஆரம்பிச்சுட்டார். ஒண்ணுல உள்ள போய் சுவரைத் தட்டினார், தரையைப் பார்த்தார், வெளியில வந்து வெயில் எந்தப் பக்கம் விழுதுன்னு பார்த்தார். அப்புறம் பையனைக் கூப்பிட்டு, "இதுலதாண்டா தேசிங்கு தன் குதிரை பாராசாரியைக் கட்டியிருப்பான். மத்தியான வெயில் இதுக்குள்ள வராது பாரு"ன்னார். ஆதாரம்_எங்கே சார், மன்னிச்சிருங்க, நான் வாயைத் திறக்கல.

அங்கேயே கல்லுல உட்கார்ந்து கதை ஆரம்பிச்சார். டெல்லி பாதுஷாகிட்ட யாராலயும் ஏற முடியாத குதிரை, அதைப் பையன் வயசுலயே அடக்கின தேசிங்கு, கல்யாணப் பந்தல்லேருந்து எழுந்து போருக்கு வந்த சிநேகிதன் மோவுத்துக்காரன். வீட்டுல நூறு தடவை கேட்ட கதைதான். ஆனா வீட்டுல சொல்றப்ப அவர் கை மடியிலயே இருக்கும். இங்க கையை நீட்டி நீட்டிச் சொன்னார், "அந்த மலையிலேருந்து பார்த்தான், இந்த வாசல் வழியா வந்தான்"னு. எதிர்ல வந்த ஒரு காலேஜ் கூட்டம் நின்னு கேட்டுட்டுப் போச்சு. ஒரு பொண்ணு போன்ல பதிவு பண்ணுச்சு.

நடுவுல குரங்கு. இட்லிப்பொடி அக்கா இவ்ளோ சொல்லியும், அப்பா முட்டிக்குத் தடவுற தைலத்தைத் தனியா ஒரு கவர்ல வெச்சிருந்தது எனக்குத் தெரியாது. ஒரு தடியன் வந்து உருவிக்கிட்டுப் போய் வளைவு மேல உட்கார்ந்து மூடியைக் கடிச்சுத் திறந்துச்சு. மோந்து பார்த்துச்சு. மூஞ்சி அப்படியே சுருங்கிப் போச்சு. எங்களை ஒரு பார்வை பார்த்துட்டு பாட்டிலைக் கீழ விட்டெறிஞ்சுது. தைலம் பாதி கொட்டிப் போச்சு, ஆனா முற்றம் பூரா அப்பா வாசனை.

மத்தியானம் நானும் பையனும் மட்டும் கிருஷ்ணகிரி ஏறினோம். ராஜகிரியை விட்டுட்டோம், நேரமும் இல்ல, அப்பாவைத் தனியா ரொம்ப நேரம் விடவும் மனசில்ல. அரை மணி நேரத்துல மேல போயாச்சு. கொலு மண்டபத்துல குவிமாடத்துக்குக் கீழ நின்னா, வெளியில அவ்ளோ வெயில், உள்ள காத்து சும்மா விசிறி விட்ட மாதிரி. நெய்க்கிணறு, எண்ணெய்க்கிணறுன்னு காட்டுனாங்க. முற்றுகை எட்டு வருஷம்னு படிச்சப்ப அது ஒரு எண்ணாத்தான் இருந்தது. நெய்யைக் கிணத்துல ஊத்தி வெச்சிருந்தான்னு பையன்கிட்ட சொல்றப்பதான் எனக்கே உறைச்சது. மேலேருந்து பார்த்தா அப்பா சட்டை ஒரு வெள்ளைப் புள்ளியாத் தெரிஞ்சுது. பையன் கையை ஆட்டிக்கிட்டே இருந்தான், அவருக்குத் தெரிஞ்சிருக்காது.

கடைசியா செட்டிகுளம். தேசிங்கை எரிச்ச இடம்னு சொல்ற மேடை இருக்கு. ராணியும் அங்கதான் உடன்கட்டை ஏறினாங்களாம், ராணிப்பேட்டைங்கிற பேரே அவங்க நினைவாத்தான்னு சொல்றாங்க. அங்க மட்டும் அப்பா ஒண்ணும் பேசல. செருப்பைக் கழட்டிட்டு நின்னார். அப்புறம் கேட்டார், "மோவுத்துக்காரனை எங்க புதைச்சாங்க?" எனக்குப் பதில் தெரியல. யாருக்காவது தெரியுமா?

சிங்கவரம் நடை சாத்திட்டாங்க. அது வண்டிக்காரர் புண்ணியம்.

செஞ்சிக்காரன்

படிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துட்டேன் சார்.

மோவுத்துக்காரனை நீலாம்பூண்டியில புதைச்சதாச் சொல்லுவாங்க. செஞ்சியிலேருந்து தூரமில்ல. தேசிங்கு குதிரைக்கும் அங்கயே சமாதின்னு சொல்றது. சிங்கவரம் பாக்கி இருக்குல்ல, அடுத்த தடவை ரெண்டையும் சேர்த்துப் பார்த்துக்கலாம். வர்றப்ப சொல்லுங்க, நான் கூட வரேன். வண்டிக்காரரை மாத்திட்டு வாங்க.

கல்லெழுத்து

உங்கள் மகனுக்கு நூற்றுக்கு நூறு. 1750ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி இந்தக் கோட்டையை ஒரே இரவில் பிடித்தார். எட்டு ஆண்டு அசையாத வாசல், இருட்டும் துணிச்சலும் உள்ளிருந்தவர்களின் குழப்பமும் சேர்ந்தபோது திறந்துகொண்டது. கோட்டைகள் பெரும்பாலும் முட்டி மோதி விழுவதில்லை என்பதை உங்கள் மகன் ஒன்பது வயதிலேயே கண்டுகொண்டான்.

வேங்கடரமணர் கோயில் பற்றி எழுதவில்லையே? பார்க்கவில்லையா?

ஞாயிற்றுப்பயணி

பார்த்தோம் ஐயா, எழுத மறந்துட்டேன். கோபுர வாசல்ல ராமாயணச் சிற்பமெல்லாம் பையன் வரிசையா அடையாளம் சொல்லிட்டு வந்தான். உள்ள ஒரு இடத்துல வெறும் இடமா இருக்கு, தூண் இருந்து எடுத்த மாதிரி. கேட்டா பிரெஞ்சுக்காரங்க பாண்டிச்சேரிக்குக் கொண்டு போயிட்டாங்கன்னு சொன்னாங்க. நிஜமா?

பழைய_தாள்

நிஜம்தான். பாண்டிச்சேரி கடற்கரையில காந்தி சிலையைச் சுத்தி உசரமா கல்தூண்கள் நிக்குதுல்ல, அதெல்லாம் செஞ்சியிலேருந்து போனது. அவங்க ஆளுநர் தூப்ளே சிலைக்குப் பக்கத்துல நட்டு வெச்சாங்க, அப்புறம் சிலை மாறிச்சு. தூண் அங்கயே நிக்குது.

ஞாயிற்றுப்பயணி

அப்பாகிட்ட சொன்னேன். அடுத்த மாசம் பாண்டிச்சேரியாம். பாண்டி ப்ரோ, நீங்க முதல்லயே பீச்சுக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னீங்க, உங்க வாக்கு பலிச்சிருச்சு.

பைக்_பாண்டி

ப்ரோ சத்தியமா அந்தத் தூணுல சாஞ்சு எத்தனை போட்டோ எடுத்திருக்கேன் தெரியுமா. அது செஞ்சித் தூணுன்னே தெரியாது.

இன்னொரு உண்மையையும் சொல்லிடறேன், சிரிக்காதீங்க. நாலு தடவை போயும் அந்த வேங்கடரமணர் கோயிலைப் பார்த்ததே இல்ல. எந்தப் பக்கம் இருக்கு?

செஞ்சிக்காரன்

சீட்டு வாங்கின உடனே மலையைப் பார்த்து ஓடுறியே தம்பி, அப்ப ஒரு தடவை நின்னு சுத்தியும் பாரு. கோபுரம் தெரியும். எந்த நாள்ல வேணா வா, வெள்ளிக்கிழமை மட்டும் பைக்கை எடுத்துக்கிட்டு வராதே. ஆட்டுக்கு நடுவுல மாட்டிக்குவ.